அரைக்கல் இடம்

மணலும் கரியும் உலையில் வெந்து பெற்ற பிள்ளை சிலிக்கான் கார்பைடு கட்டி. அந்தக் குடும்பத்தில் கட்டியாகி வெளியே வந்த முதல் ஆள் அதுதான். எப்படியாவது ஒரு சுவரில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று, பாதி எழும்பியிருந்த வீட்டுக்கு வந்து நின்றது.

"மூலையில ஒரு அரைக்கல் இடம்தான் பாக்கி, தம்பி" என்றது செங்கல். "நாங்கன்னா சாந்துக் கரண்டியால ஒரு தட்டு, பாதியாயிடுவோம். நீ உடைவியா?"

"முயற்சி பண்றேன், அண்ணே. ஆனா உண்மையைச் சொல்லிடறேன், இதுவரைக்கும் உடைஞ்சதில்ல."

கரண்டி தட்டியது. அதன் முனை மடங்கியது. சுத்தியல் ஓங்கி அடித்தது. அதன் காம்பு முறிந்தது. "மன்னிச்சிடுங்க" என்று கட்டி ஒவ்வொரு அடிக்கும் கெஞ்சியது.

"ரெண்டாயிரம் டிகிரியில வெந்துட்டு வந்திருக்கான், உடையத் தெரியலையே!" என்று செங்கற்கள் எல்லாம் சிரித்தன.

இடம் போய்விடுமே என்று கட்டிக்குப் பயம் பிடித்தது. "அண்ணே, பாதி உள்ளே இருந்துக்கிறேன். மீதி வெளியே நிக்கட்டும். யாருக்கும் தொந்தரவு பண்ணாது."

அப்படியே வைத்துக் கட்டிவிட்டார்கள். வெயில் ஏறியதும் கொத்தனார் தன் சட்டையைக் கழற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியில் மாட்டினார்.

"இங்க உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று சட்டை விசாரித்தது.

கட்டி தன்னை உள்ளும் வெளியுமாக ஒருமுறை பார்த்துக்கொண்டது. பொய் சொல்லக் கூடாதே. "உள்ளே இருக்கிற பாதி சுவருங்க. வெளியே இருக்கிறது என்னன்னு இன்னும் யாரும் சொல்லல."

"ஆணிங்க" என்றது சட்டை, மிகுந்த மரியாதையுடன்.