டீசல் துணி

காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் எங்களுக்கு மூக்குப் பரிசோதனை.

எங்கள் டாங்கித் தலைவர் தபேதார் ஓம்வீர் டீசலில் நனைத்த துணியை மூக்கருகே நீட்டுவார். வாசனை தெரிகிறவன் டாங்கியில் ஏறலாம். தெரியாதவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கீழே, கொரோனா முகாமுக்குப் போக வேண்டும்.

டாக்டர் கொடுத்த காய்ச்சல் கருவி லடாக் குளிரில் உதவவில்லை. எங்கள் எல்லோரையும் பிணம் என்றே காட்டியது.

டாங்கிக்கு மூன்று பேர். தலைவர் ஓம்வீர், ஓட்டுநர் ஜக்மால், பீரங்கி சுட நான். தலைவர் இல்லாவிட்டால் நான் சமாளிப்பேன். ஓட்டுநர் போனால் வண்டி வெறும் இரும்பு. மாற்றாள் வந்து, தனிமையில் கிடந்து, மலைக்காற்றுக்கு மூச்சுப் பழகி ஏற ஒரு மாதமாகும். எதிர்முகட்டில் இருப்பவன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

ஜக்மால் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தான்.

"மூக்கு செத்திருக்கும். டீசல்னு பொய் சொல்லி ஏறுறான்" என்று ஓம்வீர் என்னிடம் சொன்னார்.

அதனால் இன்று ஒரு தந்திரம். ஒரு சட்டைப்பையில் டீசல் துணி, மற்றதில் தண்ணீரில் நனைத்த துணி. இரண்டும் ஒரே மாதிரி கரிபிடித்த துணிகள்.

ஜக்மாலை முதலில் கூப்பிட்டு ஒன்றை நீட்டினார். அவன் முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தான்.

"டீசல், உஸ்தாத்."

"மாட்டிக்கிட்டியா, எருமை! பச்சைத் தண்ணிடா இது. வெக்கமா இல்ல?"

உஸ்தாதை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் படையில் இல்லை. ஜக்மால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூட்டை கட்டக் கிளம்பினான்.

நாலடி தள்ளி நின்ற எனக்கே அந்தத் துணியின் நெடி குமட்டியது.

"உஸ்தாத்... அது டீசல்தான்."

என்னை முறைத்தார். துணியைத் தன் மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். மற்றத் துணியை எடுத்து அதையும் முகர்ந்து பார்த்தார்.

"ஜக்மால், திரும்பி வாடா! எஞ்சினைக் கிளப்பு!"

பிறகு தன் தொப்பியைக் கழற்றி ஒரு கல்லின் மேல் வைத்தார். எங்கள் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு, மூட்டை கட்டப் போனார்.