மகன் பெயரில் ஓர் உபயம்

“பையனுக்கு இலவசப் புத்தகம் கிடைக்காதும்மா. கமிட்டியில மனுவைத் தள்ளிட்டாங்க” என்றார் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி.

லோகாம்பாள் மகன் கதிரேசனைக் கையில் பிடித்தபடி மேசையருகே நகர்ந்தாள்.

“ஏன் ஐயா? நான் நாலு வீட்டுல துணி துவைச்சுப் பிழைக்கிறேன். பிரிஞ்சு போன இவங்கப்பா மாசம் பத்து வெள்ளிதான் தர்றாரு. ஜாலான் புசார் தெருவுல இரும்புக் கடை வச்சிருக்காரு; ஈ ஓட்டுறேன், அதுக்கு மேல முடியாதுன்னு கோர்ட்டுல சத்தியமே பண்ணிட்டாரு.”

“அப்ப இது என்னம்மா?”

கோயில் கும்பாபிஷேக நோட்டீசை அவள் பக்கம் தள்ளினார். உபயதாரர் பட்டியலில் மூன்றாவது பெயர்: இரா. கதிரேசன், ஐந்நூறு வெள்ளி.

“இது வேற யாராவது இருக்கும் ஐயா. என் பிள்ளை செருப்புக்கே வழியில்லாதவன்.”

“உங்க வீட்டுக்காரரு இராமையாதான் கட்டினாரு. மகன் பேர்லதான் ரசீது வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டு, பரிவட்டம் கட்டி முன்னால நின்னாரு. நம்ம கமிட்டிக்காரங்களே பார்த்தாங்க. ஐந்நூறு வெள்ளி உபயம் பண்ற பிள்ளைக்கு எப்படிம்மா இலவசம் குடுக்கிறது?”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் பெயரில் ரசீது போட்டால் கோர்ட்டில் மாட்டிக்கொள்வார். பிள்ளை பெயரில் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

வாசலுக்கு வந்ததும் கதிரேசன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். மேசையில் கிடந்த அந்த நோட்டீஸ் இப்போது அவன் கையில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா என்னை மறந்துட்டாருன்னு சொன்னியேம்மா... பாரு, என் பேரு!”