கையுறையோடு

சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனி சாய்ந்து பெய்துகொண்டிருக்க, கடைக்குள் லெம்பி தடித்த கையுறையைக் கழற்றாமலே பனி அள்ளும் பெட்ரோல் இயந்திரங்களின் பிடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறாள். பெரியதில், முன்னால் பனியை மெல்லும் திருகும் பின்னால் தூக்கி வீசும் விசிறியும் குழல்விளக்கில் மின்னுகின்றன. "உங்க கார் பாதைக்குச் சின்னதே போதும்க்கா," என்கிறான் கடைக்கார வெண்டல். "முனிசிபல் வண்டி தெருப் பனியை வழிச்சு என் வாசல்ல மதிலாக் கட்டிட்டுப் போகுதே, அந்த ஐஸை உன் சின்னது கடிக்குமா?"  பெரியதன் பிடி கையுறைக்குள் வாகாக அடங்குகிறது. "இதுதான்." "ஒத்த வீட்டுக்கு இவ்வளவு பெரிசா?" "எதிர்வீட்டு ராய்தான் வருஷாவருஷம் எனக்கும் வழிச்சு விட்டான். இப்ப அவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன்." பிடியை விடாமலே சொல்கிறாள்: "முதல்ல அவன் வாசல்."