விலகல் படிவம்

பத்தாம் வகுப்பில் இப்போது யாருக்கும் தனி மதிப்பெண் கிடையாது. நான்கு பேர் ஒரு குழுவாகப் படித்து, நான்கு பேரும் சேர்ந்தே தேறவோ தோற்கவோ வேண்டும். குழுவை விட்டு விலகியவருக்கு அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது; மீதிப் பேர் தேர்வு எழுதலாம்.

தூத்துக்குடி ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் செல்வமேரிக்கு, மகள் ஜெனிட்டா குழுவில் இல்லை என்று செய்தி வந்தது. ஈரக் கையோடு பள்ளிக்கு ஓடினாள்.

"ஒண்ணா உக்காந்து சாப்பிட்ட புள்ளைங்கதான டீச்சர்? எம் மகளத் தள்ளிவிட எப்படி மனசு வந்துச்சி?"

"அவங்க தள்ளலம்மா" என்றார் ஹெப்சிபா டீச்சர். "மூணு பேரும் வேண்டாம்னு அழுதாங்க. விலகுறேன்னு எழுதிக் குடுத்தது ஜெனிட்டாதான்."

ஜெனிட்டா சைக்கிள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"கணக்கு எனக்கு ஏறவே இல்லம்மா. எனக்குச் சொல்லிக் குடுத்தே ஷர்மிளா அவ பாடத்தப் படிக்கல. என்னால அவங்களும் தோக்கணுமா?"

"ஒன்னய நெனச்சிப் பாத்தியாட்டி?"

ஜெனிட்டா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

தேர்வு முடிவு வந்த அன்று, மூன்று தோழிகளும் மிட்டாயோடு ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தார்கள். இப்போது அம்மாவோடு அங்கேயே வேலை பார்க்கும் ஜெனிட்டா, கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். "கணக்குல குழுவுக்கு எவ்வளவுட்டி?" என்று ஆசையாகக் கேட்டாள்.

ஷர்மிளா மிட்டாய்ப் பெட்டியை மறுபடி அவளிடம் நீட்டினாள். செல்வமேரி அங்கே நிற்க முடியாமல் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.