எழுநூற்றைம்பது வாட்

உட்துறைமுக வீதியில் வினோஜனின் கணினிக் கடைக்கு நல்ல பெயர் உண்டு. அன்று காலை பதினொரு மணி வரை அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

பதினொரு மணிக்கு இரத்தினசிங்கம் ஓட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சேர்ட், மடித்த குடை. ஓய்வு பெற்ற தபால் அதிபர் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். கணினியைக் கைக்குழந்தை போலத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, கனடாவில இருந்து மகன் கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு அனுப்பினவன். உள்ளுக்க பூட்டியிருக்கு. பழைய பவர் சப்ளை குடுக்கிற கரண்ட் அதுக்குக் காணாதாம். எழுநூற்றைம்பது வாட் போடட்டாம் எண்டு மகள் சொன்னவள்."

வினோஜன் பக்கத் தகட்டைக் கழற்றினான். கை அப்படியே நின்றது. கறுப்பு மூடி, இரண்டு விசிறி. திருகோணமலையில் எவரிடமும் இந்தக் கார்ட் இருப்பதாக அவன் கேள்விப்படவில்லை. மூன்று இலட்சத்துக்கு ஒரு சதமும் குறையாது.

"இந்தக் கார்ட் என்ன விலை வரும் தம்பி?"

"இருபது, முப்பதாயிரம் வரும் ஐயா" என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

"விலை கிடக்கட்டும். மகள் லக்சாயினி வீட்டில இருந்துதான் வேலை செய்யிறவள். அவளின்ர பிழைப்பே இந்தக் கார்ட்டிலதான் இருக்கு. கவனமாப் பாருங்கோ. நான் பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டு வாறன்."

"ஓம் ஐயா, ஆறுதலா வாங்கோ."

புதிய பவர் சப்ளையைப் பூட்டி இயக்கினான். திரையில் அந்தப் பெரிய கார்டின் பெயர் பளிச்சென்று வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அலுமாரியில் அதே கம்பனியின் சின்னக் கார்ட் ஒன்று விற்காமல் கிடந்தது. புதியது, அதற்கும் கறுப்பு மூடி, இரண்டு விசிறி. வலுவில் மட்டும் கால்வாசி. மகளின் பிழைப்பு என்று பெரியவர் சொன்னது நெஞ்சைக் குத்தத்தான் செய்தது. படம் தெரியும்தானே, வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பெரிய கார்டை ஓட்டிச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஐந்து நிமிடத்தில் அது அலுமாரிக்குள் போனது, சின்னது கணினிக்குள் வந்தது. பார்த்தது, நகரத்தில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று, வாசலில் நின்று அட்டைப் பெட்டியை மென்றுகொண்டிருந்தது மட்டும்தான்.

இரத்தினசிங்கம் திரும்பி வந்து, பவர் சப்ளைக்கு மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்தார்.

"பூட்டுக்கூலி வேண்டாம் ஐயா."

"நல்லா இருப்பீங்கள் தம்பி!"

வினோஜனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டோ மறைந்ததும் அலுமாரியைத் திறந்து ஒரு தரம் பார்த்தான். வெட்கம் போய்விட்டது.

தம்பலகாமத்து வீட்டில் லக்சாயினி கணினியைத் திறந்து, கார்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாத்திட்டான் அப்பா. இது அசல், புத்தம் புதுசு. நல்ல விலைக்குப் போகும்."

"எங்கடதில அவனுக்குச் சந்தேகமே வரேல்ல பிள்ளை."

"எப்பிடி வரும்? மேலால பெரிய கார்டின்ர மூடி. திரையில நான் மாத்தி வைச்ச பேர். எழுநூற்றைம்பது வாட் வேற கேட்டால், உள்ளுக்க கிடக்கிறது பத்து வருசத்துப் பழசு எண்டு ஆர் நினைப்பினம்?"

சொல்லிக்கொண்டே அடுத்த பழைய கார்டை எடுத்து, அதற்கும் ஒரு கறுப்பு மூடியைப் பொருத்தத் தொடங்கினாள். நாளைக்கு மூதூர்.

இரத்தினசிங்கம் மேசைக்குக் கீழே கிடந்த மூன்று புதிய பவர் சப்ளைகளை எரிச்சலோடு பார்த்தார்.

அவற்றைப் பூட்டித் தந்த மூன்று கடைக்காரரும் கார்டைத் தொடவேயில்லை, அநியாயத்துக்கு நேர்மையானவர்கள்.