தாய் மாறும் வாத்துகள்

முட்டைக்குள் மூளை வளரும்போதே மருந்து செலுத்திப் பொரித்த வாத்துகள் அவை. எது நகர்ந்தாலும் தாயென்று நினைத்துப் பின்னால் போய்விடும். அவற்றை வாங்கியதிலிருந்து துரத்தித் துரத்தியே செம்பாயி ஓய்ந்துபோனாள். அன்று காலை மொத்த மந்தையும் பால் வண்டியோடு போய்ப் பக்கத்து ஊரில் அகப்பட்டது. நேராக, அவற்றை விற்ற பொரிப்பகத்துக்கே நடத்திக் கூட்டிவந்துவிட்டாள்.

"குஞ்சுல ஒருவாட்டி அம்மான்னு ஒட்டிக்கிட்டா போதாதாய்யா? பால் வண்டியுமா அம்மா?"

"யார் வாங்குனாலும் பின்னாடி வரணும்ல. அதுக்குத்தாம்மா மருந்தே" என்றார் மேலாளர் வரதன், முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி. திரும்பினால், மந்தை முழுவதும் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அப்ப நீங்களே மேய்ச்சுக்கங்க. மருந்து போடாத குஞ்சு பொரிச்சதும் ஆளனுப்புங்க, மாத்திக்கிறேன்."

வாத்து மேய்க்கும் கோலை அவர் கையில் திணித்துவிட்டு, வாத்துகளின் கண்ணில் படாமல் சுவரோரமாக நழுவி வெளியேறினாள்.