வெளிப்பக்கத்துக் கீறல்கள்

கரையேற்றிய ஃபைபர் படகின் கீறல்களை கஸ்பார் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி ரொசாரி சோறு கொண்டுவந்தாள். அவளுடைய தம்பி இன்னாசி கடலோடு போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. தூக்கக் கலக்கத்தில் விழுந்துவிட்டான், திரும்பிப் பார்த்தபோது ஆளே இல்லை என்றுதான் கஸ்பார் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். படகின் வெளிப்பக்கம், விளிம்புக்குக் கீழே, வெள்ளைப் பூச்சில் நாலைந்து கோடுகள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. ரொசாரி குனிந்து பார்த்தாள். தம்பி மணிக்கட்டில் எப்போதும் கிடந்த இரும்புக் காப்பு அவள் கண்ணுக்குள் வந்தது.

“தொங்கிக்கிட்டு கிடந்தானா?”

கஸ்பாரின் கை நின்றுபோனது.

“ரெண்டு கையாலயும் புடிச்சேன் ரொசாரி. அலை அடிச்சதுல கை வழுக்கிட்டு. ‘அத்தான், விட்டுராதீங்க’ன்னான். அத உங்கிட்ட எப்படிச் சொல்ல?”

அவள் அழவில்லை. ஒவ்வொரு கோட்டையும் மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தாள். கடைசிக் கோடு மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அதன் முடிவில் விரலைச் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு பூச்சு டப்பாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“பூசிருங்க. படகப் பாக்கணும்னு சாயந்திரம் அம்மா வாறா.”